வெளிமாநிலக் கல்லூரியில் தகுதி உதவித்தொகை: வாய்ப்பைக் கணக்கிடும் முறை

அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒரே வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரண்டு மாணவர்கள் வேறுவேறு கட்டணம் கட்டுகிறார்கள். மாநில அரசின் மானியம் அந்த மாநிலத்தில் வரி செலுத்தும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகத் தரப்படுவதால் அவர்களுக்குக் கட்டணம் குறைவு. வெளியிலிருந்து வருபவருக்கு அந்த மானியம் இல்லை. 2024-25 கல்வியாண்டில் அலபாமா பல்கலைக்கழகம் உள்மாநில மாணவரிடம் சுமார் 12,000 டாலரும் வெளிமாநில மாணவரிடம் சுமார் 34,000 டாலரும் கல்விக் கட்டணமாக வாங்கியது. ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வெளிமாநிலக் கட்டணம் 60,000 டாலரை எட்டிவிட்டது. விடுதியும் சாப்பாடும் தனிச் செலவு.

இந்த வேறுபாட்டைக் குறைப்பதற்குள்ள வழிகளில் பெரியது தகுதி உதவித்தொகை, அதாவது மெரிட் ஸ்காலர்ஷிப். குடும்பத்தின் வருமானத்தைப் பார்க்காமல், பள்ளி மதிப்பெண்ணையும் எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. தேர்வு மதிப்பெண்ணையும் கொண்டு பல்கலைக்கழகமே தரும் தொகை இது. மென்பொருள் துறையிலோ மருத்துவத் துறையிலோ வேலை பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு வருமானத்தை ஒட்டிய உதவி கிடைப்பதில்லை; நான்கு ஆண்டுக் கட்டணத்தைக் கையிலிருந்து கட்டும் வசதியும் இருப்பதில்லை. அவர்கள் முதன்மையாக நம்பக்கூடியது இதைத்தான். ஆகவே வாய்ப்பு எவ்வளவு என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கணக்கிட்டுக்கொள்வது அவசியம்.

தொடங்கும்போதே இரண்டு கேள்விகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இடம் கிடைக்குமா என்பது ஒன்று. பணம் கிடைக்குமா என்பது வேறொன்று. முதல் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் இரண்டாவதும் தானாக வரும் என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். உண்மை பெரும்பாலும் நேர்மாறானது. எந்தக் கல்லூரியில் இடம் கிடைப்பதே கடினமோ அங்கே வெளிமாநில மாணவருக்குப் பணம் கிடைப்பது அதைவிடக் கடினம்.

எந்தப் பல்கலைக்கழகம் தரும், எது தராது

2008-இன் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு பல மாநிலங்கள் உயர்கல்விக்குத் தந்த நிதியைக் குறைத்தன. அந்தக் குறையை ஈடுகட்டப் பல அரசுப் பல்கலைக்கழகங்கள் வெளிமாநில மாணவர்களைத் தேடிப் போயின. அலபாமா இதில் முன்னணியில் நின்றது. இன்று அங்கே இளநிலை மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வெளிமாநிலத்தவர்கள். இப்படிப்பட்ட பல்கலைக்கழகத்துக்கு நல்ல மதிப்பெண் உள்ள மாணவர் வருவதில் இரட்டை லாபம் உண்டு: சலுகை போக மீதிக் கட்டணம் வருகிறது, சேர்ந்தவர்களின் சராசரி மதிப்பெண்ணும் உயர்கிறது. உதவித்தொகையின் அடிப்படைக் காரணம் இதுதான். மிசிசிப்பி, அரிசோனா, நியூ மெக்சிகோ, ஒஹாயோ மாநிலங்களின் அரசுப் பல்கலைக்கழகங்களும் வெளிமாநிலத்தவருக்கென்றே தொகை ஒதுக்குகின்றன.

மறுபுறம், முழுக் கட்டணம் கட்டக் காத்திருப்போர் வரிசை நீளமாக உள்ள இடத்தில் சலுகைக்குக் காரணமே இல்லை. மிச்சிகன், கலிபோர்னியாவின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் வளாகங்கள், ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் ஆகியவை இந்த வகை. ஆஸ்டின் வளாகத்தில் முதலாண்டு இடங்களில் 90 சதவீதம் டெக்சாஸ் மாணவர்களுக்கே என்பது சட்டம். வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் மோர்ஹெட்-கேன், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஜெஃபர்சன் என்று முழுச் செலவையும் ஏற்கும் புகழ்பெற்ற உதவித்தொகைகள் இருக்கின்றன. வெளிமாநிலத்தவரும் தகுதி பெறலாம். ஆனால் அவை விரல்விட்டு எண்ணத்தக்க சிலருக்கே கிடைக்கும். மதிப்பெண்ணோடு தலைமைப் பண்பு, சமூகப் பணி, நேர்காணல் எல்லாம் பார்ப்பார்கள். ஜெஃபர்சனுக்குப் பரிந்துரையின் பேரில்தான் போட்டியிட முடியும். மதிப்பெண்ணை மட்டும் வைத்து இவற்றை எதிர்பார்த்துக் குடும்ப வரவுசெலவைத் திட்டமிடக் கூடாது.

ஜி.பி.ஏ.: பள்ளி சொல்லும் எண்ணும் கல்லூரி பார்க்கும் எண்ணும்

பள்ளியின் மதிப்பெண் பட்டியலில் வழக்கமாக இரண்டு ஜி.பி.ஏ., அதாவது கிரேடுகளின் சராசரிப் புள்ளி, இருக்கும். அன்வெயிட்டட் என்பதில் ஏ கிரேடுக்கு 4, பி கிரேடுக்கு 3 என்று எல்லாப் பாடத்துக்கும் ஒரே அளவுகோல், உச்சம் 4.0. வெயிட்டட் என்பதில் ஏ.பி., ஐ.பி., ஆனர்ஸ் போன்ற கடினமான பாடங்களுக்குக் கூடுதல் புள்ளி சேரும். கூடுதல் எவ்வளவு என்பதைப் பள்ளி மாவட்டம் முடிவு செய்கிறது. ஒரு மாவட்டத்தில் 4.3 என்பது முதல் பத்து மாணவர்களில் ஒருவர் என்று பொருள்படலாம். பக்கத்து மாவட்டத்தில் அதுவே நடுத்தர மாணவரின் எண்ணாக இருக்கலாம்.

இதனால்தான் பல பல்கலைக்கழகங்கள் பள்ளி தரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல், வேற்றுமொழி ஆகிய முதன்மைப் பாடங்களை மட்டும் எடுத்துத் தாமே மறுபடி கணக்கிடுகின்றன. அரிசோனா பல்கலைக்கழகம் அண்மை ஆண்டுகளில் முதன்மைப் பாடங்களின் அன்வெயிட்டட் ஜி.பி.ஏ.வைக் கொண்டே உதவித்தொகையை முடிவு செய்துவருகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகம் கூடுதல் புள்ளிக்கு உச்சவரம்பு வைக்கிறது. வெளிமாநில மாணவரின் ஏ.பி., ஐ.பி. பாடங்களுக்கு மட்டுமே கூடுதல் புள்ளி தருகிறது, பள்ளியின் ஆனர்ஸ் பாடத்துக்குத் தருவதில்லை. வேறு சில இடங்களில் பள்ளிப் பட்டியலில் உள்ள வெயிட்டட் எண்ணே போதும் என்கிறார்கள். 3.6 அன்வெயிட்டட், 4.1 வெயிட்டட் உள்ள மாணவருக்கு இந்த ஒரு விதியைப் பொறுத்து உதவித்தொகை இருக்கும் அல்லது இருக்காது. ஆகவே ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக, அது பார்க்கும் முறையில் ஜி.பி.ஏ.வைப் போட்டுக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓவியம், உடற்கல்வி போன்ற பாடங்களில் வாங்கிய ஏ கிரேடுகளை நீக்கியபின் எண் சற்று இறங்குவதுண்டு.

எந்த வகுப்புவரையிலான மதிப்பெண் என்பதும் முக்கியம். பெரும்பாலான இடங்களில் ஒன்பதாம் வகுப்பு தொடங்கிப் பதினோராம் வகுப்பு முடிவுவரை உள்ள கிரேடுகளே கணக்கில் வரும். தமிழ்நாட்டிலிருந்து நேரடியாக விண்ணப்பிப்பவர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்: பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் மட்டும் பார்த்துப் பழகிய நம் முறைக்கு மாறாக, அங்கே ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணும் சம எடையோடு நிற்கிறது. வெளிநாட்டு மாணவருக்கான உதவித்தொகை அட்டவணை தனியாக இருக்கக்கூடும் என்பதால், வெளிமாநில மாணவரின் அட்டவணையைப் பார்த்து அவர்கள் கணக்குப் போடக் கூடாது.

தேர்வு மதிப்பெண்

எஸ்.ஏ.டி. 400 முதல் 1600 வரை, ஏ.சி.டி. 1 முதல் 36 வரை. உதவித்தொகை அட்டவணைகள் இரண்டையும் ஏற்கின்றன. இரண்டு தேர்வுகளையும் நடத்தும் அமைப்புகள் 2018-இல் சேர்ந்து வெளியிட்ட ஒப்பீட்டின்படி, ஏ.சி.டி. 28 என்பது எஸ்.ஏ.டி. 1300 முதல் 1320 வரைக்குச் சமம். 30 என்பது 1360 முதல் 1380. 32 என்பது 1420 முதல் 1440. 34 என்பது 1490 முதல் 1520. 36 என்பது 1570-உம் அதற்கு மேலும். பல அட்டவணைகளின் எல்லைக்கோடுகள் 1360, 1420, 1490 என்று விசித்திரமான எண்களில் வருவதற்கு இந்த ஒப்பீடே காரணம். அவற்றின் பின்னால் 30, 32, 34 என்ற ஏ.சி.டி. எண்கள் நிற்கின்றன.

ஒரே மாணவர் வேறொரு நாளில் எழுதினால் எஸ்.ஏ.டி.யில் 30, 40 புள்ளி ஏறுவதோ இறங்குவதோ இயல்பு. ஆகவே எல்லைக்கோட்டுக்கு 10, 20 புள்ளி கீழே நிற்பவர் மறுபடி எழுதுவது பெரும்பாலும் பயனுள்ள முயற்சி. 120 புள்ளி கீழே நிற்பவருக்கு அப்படிச் சொல்ல முடியாது. சில பல்கலைக்கழகங்கள் வெவ்வேறு நாள்களில் எழுதிய பகுதிகளின் உச்ச மதிப்பெண்ணைச் சேர்த்து சூப்பர்ஸ்கோர் எடுத்துக்கொள்கின்றன. சேர்க்கைக்கு சூப்பர்ஸ்கோர் ஏற்று, உதவித்தொகைக்கு ஒரே நாளில் வாங்கிய மொத்தத்தையே பார்க்கும் இடங்களும் இருக்கின்றன. உதவித்தொகைப் பக்கத்தில் இது தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

2020-க்குப் பிறகு பல கல்லூரிகள் தேர்வு மதிப்பெண் கட்டாயமில்லை என்றன. கலிபோர்னியா பல்கலைக்கழகம் அதை அறவே பார்ப்பதில்லை. ஃபுளோரிடாவின் அரசுப் பல்கலைக்கழகங்கள் தொடர்ந்து கேட்டுவந்தன. ஆஸ்டின் வளாகம் மீண்டும் கட்டாயமாக்கிவிட்டது. கட்டாயமில்லை என்ற இடத்திலும் அது சேர்க்கைக்கான விதி மட்டுமாக இருக்கலாம். பெரிய தொகைகளுக்கு மதிப்பெண் கேட்கும் கல்லூரிகள் உண்டு. நல்ல மதிப்பெண் கையில் இருந்தும் கேட்கவில்லையே என்று அனுப்பாமல் விடுவது பல்லாயிரம் டாலர் இழப்பாக முடியலாம்.

அட்டவணைப்படி கிடைக்கும் தொகை

உதவித்தொகைகளில் முதல் வகை தானாகக் கிடைப்பது. பல்கலைக்கழகம் ஓர் அட்டவணையை வெளியிடும்: ஒரு பக்கம் ஜி.பி.ஏ., மறுபக்கம் தேர்வு மதிப்பெண், இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் தொகை. அலபாமா பல ஆண்டுகளாக இப்படி வெளியிட்டுவருகிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் எண்களைப் போட்டால் தொகையைக் காட்டும் கணிப்பானைத் தன் இணையதளத்தில் வைத்திருக்கிறது. கட்டத்தில் இடம் பெற்ற மாணவர் உரிய தேதிக்குள் விண்ணப்பித்து, இடமும் கிடைத்துவிட்டால் தொகை உறுதி. கட்டுரையோ நேர்காணலோ இல்லை.

வாய்ப்பைக் கணக்கிடுவதில் இந்த வகைக்கு ஈடான நிம்மதி வேறெதிலும் இல்லை. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்ற கவலை வேண்டாம். பெயர் அவ்வளவு பிரபலமில்லை என்பதற்காகவே இத்தகைய கல்லூரிகளைப் பல பெற்றோர் பட்டியலில் சேர்ப்பதில்லை. அது பெரிய தவறு. ஒவ்வொரு மாணவரின் பட்டியலிலும் இப்படிப்பட்ட கல்லூரி குறைந்தது இரண்டாவது இருக்க வேண்டும். அப்போதுதான் மற்ற இடங்களில் துணிந்து போட்டியிட முடியும்.

எச்சரிக்கை ஒன்று உண்டு. அட்டவணை ஆண்டுதோறும் மாறும். அண்ணனுக்குக் கிடைத்த தொகை மூன்று ஆண்டு கழித்துத் தம்பிக்குக் கிடைக்கும் என்று கொள்ளக் கூடாது. மாணவர் எந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் சேருகிறாரோ அந்த ஆண்டுக்கென வெளியிட்ட அட்டவணையை மட்டுமே பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தைத் தேதியோடு சேமித்துவைப்பதும் நல்லது.

போட்டி உதவித்தொகையும் பொதுத் தரவுத் தொகுப்பும்

இரண்டாம் வகையில் அட்டவணை இல்லை. விண்ணப்பம் வந்தபின் குழு ஒன்று தேர்ந்தெடுக்கும். இங்கே வாய்ப்பை மதிப்பிட நல்ல கருவி, பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் காமன் டேட்டா செட் என்ற தரவுத் தொகுப்பு. கல்லூரியின் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் இரண்டு பகுதிகள் வேண்டும்.

சி9 என்ற பகுதி, சேர்ந்த முதலாண்டு மாணவர்களின் தேர்வு மதிப்பெண்ணில் 25-ஆம், 50-ஆம், 75-ஆம் சதமானங்களைத் தருகிறது. 75-ஆம் சதமானம் 1400 என்றால், மதிப்பெண் அனுப்பியவர்களில் நான்கில் மூன்று பேர் 1400 அல்லது அதற்குக் கீழ். சேர்க்கைக்கு நடு எண்ணை ஒட்டி இருந்தால் போதும்; உதவித்தொகைக்கு 75-ஆம் சதமானத்தைத் தாண்டியிருக்க வேண்டும் என்பதே நடைமுறைக் கணக்கு. நடு எண்ணுக்குக் கீழே இருப்பவர் தொகை எதையும் எதிர்பார்க்காமல் இருப்பது நல்லது. எத்தனை சதவீதத்தினர் மதிப்பெண் அனுப்பினார்கள் என்பதும் அதே இடத்தில் இருக்கும். 35 சதவீதத்தினர் மட்டுமே அனுப்பியிருந்தால், அவர்கள் பெரும்பாலும் உயர்ந்த மதிப்பெண்காரர்கள். அந்த எண்கள் வகுப்பின் உண்மை நிலையைவிட மேலே காட்டும். அத்தகைய இடத்தில் 75-ஆம் சதமானத்துக்குச் சற்றுக் கீழே இருப்பவரும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. ஜி.பி.ஏ. எப்படிப் பரவியிருக்கிறது என்பது சி11-இல் கிடைக்கும்.

எச்2ஏ என்ற பகுதிதான் பலருக்குத் தெரியாத புதையல். பண உதவி தேவைப்படாத குடும்பங்களைச் சேர்ந்த எத்தனை முதலாண்டு மாணவர்களுக்குக் கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து தகுதி உதவித்தொகை தந்தது, சராசரி எவ்வளவு என்று அது சொல்கிறது. அந்த எண்ணிக்கையை முதலாண்டு மாணவர் மொத்தத்தால் வகுத்தால் கல்லூரியின் தாராளம் தெரிந்துவிடும். 5,000 பேரில் 90 பேருக்கு என்றால் வாசல் குறுகியது. 1,500 பேருக்கு என்றால் நல்ல மாணவர் உரிமையோடு எதிர்பார்க்கலாம். உள்மாநிலத்தவரும் வெளிமாநிலத்தவரும் இந்த எண்ணில் கலந்திருக்கிறார்கள் என்பது இதன் குறை. அதனால் கல்லூரியின் உதவித்தொகைப் பக்கத்தில் வெளிமாநிலத்தவருக்கென்று பெயரிட்ட தொகை ஏதும் உண்டா என்றும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் நேஷனல் பக்கை, நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் அமிகோ ஆகியவை அப்படிப்பட்டவை.

நெட் பிரைஸ் கால்குலேட்டர் என்ற செலவுக் கணிப்பானை 2011 முதல் ஒவ்வொரு கல்லூரியும் வைத்திருக்க வேண்டும் என்பது கூட்டரசின் சட்டம். சிலவற்றில் ஜி.பி.ஏ.வும் தேர்வு மதிப்பெண்ணும் கேட்கும். அவற்றின் விடை ஓரளவு நம்பத்தக்கது. வருமானம் மட்டும் கேட்கும் கணிப்பான் தகுதி உதவித்தொகையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

ஒரு கணக்கு

எடுத்துக்காட்டாக, நியூ ஜெர்சியில் படிக்கும் மாணவி ஒருவர்: அன்வெயிட்டட் 3.8, எஸ்.ஏ.டி. 1410. சொந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் கல்விக் கட்டணம் 17,000 டாலர் என்று கொள்வோம். அவர் பார்க்கும் வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் கட்டணம் 34,000. அதன் அட்டவணையில் 1360 முதல் 1410 வரை ஆண்டுக்கு 12,000. 1420-உம் அதற்கு மேலும் இருந்தால் 20,000. இரண்டு கட்டணங்களும் ஆண்டுக்கு 4 சதவீதம் உயர்கின்றன; உதவித்தொகை உயராது.

நான்கு ஆண்டில் சொந்த மாநிலத்தில் மொத்தக் கல்விக் கட்டணம் சுமார் 72,200 டாலர். வெளிமாநிலத்தில் சுமார் 1,44,400. அதிலிருந்து 48,000-ஐக் கழித்தால் மிச்சம் 96,400. சொந்த மாநிலத்தைவிட 24,200 டாலர் கூடுதல். 80,000-ஐக் கழித்தால் மிச்சம் 64,400. சொந்த மாநிலத்தைவிட 7,800 டாலர் குறைவு. பத்தே புள்ளி முடிவைத் திருப்பிப்போடுகிறது. இந்த மாணவி ஆகஸ்டிலோ அக்டோபரிலோ இன்னொரு முறை தேர்வு எழுதத்தான் வேண்டும்.

இதே கணக்கில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 20,000 டாலர் உதவியோடு முதலாண்டில் கையிலிருந்து கட்டுவது 14,000. நான்காம் ஆண்டில் கட்டணம் 38,245 ஆகிவிடும். கட்ட வேண்டியது 18,245. கட்டணம் உயர்ந்தது மூன்று ஆண்டில் 12.5 சதவீதம், குடும்பத்தின் சுமை உயர்ந்தது 30 சதவீதம். டாலர் கணக்கில் நிலைத்து நிற்கும் உதவித்தொகை எல்லாவற்றிலும் இது நடக்கும். கட்டணத்தில் இத்தனை சதவீதம் தள்ளுபடி, அல்லது உள்மாநிலக் கட்டணமே போதும் என்று தரும் உதவித்தொகை இந்த வகையில் மேலானது. டெக்சாஸில் அப்படி ஒரு சட்டமே உண்டு: போட்டியின் மூலம் குறைந்தது 1,000 டாலர் உதவித்தொகை பெற்ற வெளிமாநில மாணவரிடம் அரசுப் பல்கலைக்கழகம் உள்மாநிலக் கட்டணமே வாங்கலாம். மாணவர் எண்ணிக்கையில் 5 சதவீதத்துக்கு மேல் இச்சலுகை தர முடியாது என்பதால் அந்தச் சிறிய தொகைக்கே அங்கு போட்டி கடுமை.

போட்டி உதவித்தொகை உள்ள கல்லூரிகளுக்குச் சராசரித் தொகையைக் கழித்துக் கணக்குப் போடக் கூடாது. வாய்ப்பு நான்கில் ஒன்று, தொகை 12,000 என்றால் சராசரி 3,000 என்று கணிதம் சொல்லும். ஆனால் குடும்பத்துக்கு 12,000 கிடைக்கும் அல்லது ஒன்றும் கிடைக்காது. ஆகவே ஒன்றும் இல்லை என்று வைத்தே கணக்கு எழுத வேண்டும். விமானப் பயணம், விடுமுறையில் பொருள்களை வைக்கும் இடத்துக்கான வாடகை, வீட்டிலிருந்து போய்வந்தால் மிச்சமாகும் விடுதிச் செலவு ஆகியவற்றையும் சேர்த்தால் மேலே சொன்ன 7,800 டாலர் ஆதாயம் கரைந்துவிடவும் கூடும்.

நேஷனல் மெரிட், வட்டார ஒப்பந்தங்கள்

பதினோராம் வகுப்பு அக்டோபரில் எழுதும் பி.எஸ்.ஏ.டி. தேர்வே நேஷனல் மெரிட் என்ற நாடு தழுவிய உதவித்தொகைப் போட்டிக்கு வாசல். படித்தல்-எழுதுதல் பகுதியின் மதிப்பெண்ணை இரட்டித்து, கணித மதிப்பெண்ணைக் கூட்டி, பத்தால் வகுத்தால் தேர்வுக் குறியீடு கிடைக்கும், உச்சம் 228. நாடு முழுவதும் சுமார் 16,000 பேர் அரையிறுதிக்கு வருகிறார்கள். கட்-ஆஃப் மாநிலத்துக்கு மாநிலம் வேறு: நியூ ஜெர்சி, மாசசூசெட்ஸ், கலிபோர்னியா போன்ற இடங்களில் 220-க்கு மேலே போகும், மக்கள்தொகை குறைந்த சில மாநிலங்களில் 210-ஐ ஒட்டி நிற்கும். இறுதிச்சுற்றுக்குத் தகுதி பெற்றவருக்கு அலபாமா, ஒக்லஹோமா, டல்லஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம் போன்றவை கல்விக் கட்டணத்தை முழுதாகவோ பெரும்பகுதியாகவோ ஏற்றிருக்கின்றன. அந்தக் கல்லூரியைத் தம் முதல் தேர்வாக மாணவர் குறிப்பிட வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை.

பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் வளரும் பிள்ளைகள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அமெரிக்காவுக்கு வெளியே உள்ள பள்ளியில் படிப்பவர் நேஷனல் மெரிட்டில் பங்கேற்க அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். அல்லது குடியுரிமை பெறும் எண்ணத்தோடு கிரீன் கார்டு பெற்றவராகவோ, அதற்கு விண்ணப்பித்து அது நிராகரிக்கப்படாதவராகவோ இருக்க வேண்டும். முன்பு எல்லோருக்கும் இருந்த இந்த நிபந்தனை, அமெரிக்காவில் உள்ள பள்ளியில் படிப்பவருக்கு இப்போது இல்லை. பல்கலைக்கழகங்கள் தாமே தரும் தகுதி உதவித்தொகை பலவற்றிலும் குடியுரிமை நிபந்தனை இல்லை. விண்ணப்பிக்கும் முன் சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, விசா வகையைக் குறிப்பிட்டே பதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மதிப்பெண் நடுத்தரமாக உள்ளவர்களுக்கு வட்டார ஒப்பந்தங்கள் கைகொடுக்கும். மேற்கு மாநிலங்களின் டபிள்யூ.யூ.இ. திட்டத்தில் உறுப்பு மாநில மாணவர், பங்கேற்கும் கல்லூரியில் உள்மாநிலக் கட்டணத்தைப் போல் அதிகபட்சம் ஒன்றரை மடங்கே கட்டுகிறார். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் போன்ற முன்னணி வளாகங்கள் இதில் இல்லை. பங்கேற்கும் கல்லூரிகளிலும் நர்சிங் போன்ற படிப்புகளுக்கு விலக்கு இருக்கலாம். தெற்கு மாநிலங்களின் அகடமிக் காமன் மார்க்கெட், சொந்த மாநிலத்தில் இல்லாத படிப்பைப் பங்கேற்கும் வேறொரு மாநிலத்தில் உள்மாநிலக் கட்டணத்தில் படிக்க வழி செய்கிறது.

கடிதத்தில் பார்க்க வேண்டியவை

உதவித்தொகைக் கடிதம் வந்ததும் தொகையைப் பார்த்து மகிழ்வதோடு நிறுத்தக் கூடாது. முதலாவது, தொடர்வதற்கான ஜி.பி.ஏ. பல இடங்களில் 3.0 போதும், 3.3, 3.5 கேட்கும் இடங்களும் உண்டு. பொறியியல் படிப்பின் முதலாண்டில் பள்ளியில் 4.0 வாங்கியவர்களும் 3.2-க்கு இறங்குவது சாதாரணம். ஆகவே 3.5 கேட்கும் பெரிய தொகையைவிட 3.0 கேட்கும் சற்றுச் சிறிய தொகை பொறியியல் மாணவருக்குப் பாதுகாப்பானது. ஒருமுறை இறங்கினால் திருத்திக்கொள்ள ஒரு பருவம் அவகாசம் தருவார்களா என்றும் கேட்க வேண்டும். அடுத்தது, எத்தனை பருவங்களுக்கு என்பது. எட்டுப் பருவம் என்பது வழக்கம். ஐந்தாண்டு கட்டடக்கலைப் படிப்பில் சேர்பவருக்குக் கடைசி ஆண்டு வெறுங்கையாக நிற்கும்.

வெளி அமைப்புகளிடமிருந்து கிடைக்கும் உதவித்தொகையைக் காட்டித் தன் தொகையைக் குறைக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. மேரிலாண்ட் மாநிலம் 2017-இல் தன் அரசுக் கல்லூரிகளில் இதைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. மற்ற இடங்களில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வரிக்கணக்கும் உண்டு: கல்விக் கட்டணம், கட்டாயக் கட்டணங்கள், பாடநூல்களுக்கான தொகைக்குக் கூட்டரசு வருமான வரி இல்லை, விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போகும் பகுதி மாணவரின் வருமானமாகக் கொள்ளப்படும்.

தேதிகள்

உதவித்தொகைக்கான கடைசித் தேதி சேர்க்கைக்கான கடைசித் தேதிக்கு முன்னால் வருவது வழக்கம். நவம்பர் 1 அல்லது டிசம்பர் 1 என்று வைப்பவர்கள் பலர்; தேர்வு மதிப்பெண்ணும் அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்பார்கள், டிசம்பர் தேர்வுவரை ஏற்பவர்களும் உண்டு. பதினோராம் வகுப்பு வசந்தத்தில் முதல் தேர்வு, கோடையில் கல்லூரிப் பட்டியலும் அட்டவணைகளும், ஆகஸ்டில் மறுதேர்வு, அக்டோபருக்குள் விண்ணப்பம் என்ற வரிசை பெரும்பாலோருக்குப் பொருந்தும். சில கல்லூரிகள் தகுதி உதவித்தொகைக்கும், கூட்டரசின் பண உதவிக்கான ஃபாஃப்சா படிவத்தைக் கேட்கின்றன. வருமானம் அதிகம் என்று கருதி அதை நிரப்பாமல் விட்டுவிடக் கூடாது.

கடிதங்கள் வந்தபின் தொகையை உயர்த்தக் கேட்பதில் தவறில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முதல் பருவத்தின் புதிய கிரேடுகளோ, உயர்ந்த தேர்வு மதிப்பெண்ணோ, இணையான வேறொரு கல்லூரியின் கடிதமோ கையில் இருந்தால் உதவித்தொகை அலுவலகத்துக்குப் பணிவாக எழுதிக் கேட்கலாம். அட்டவணைப்படி தரும் இடங்களில் புதிய மதிப்பெண்ணுக்கு மட்டுமே பயன் இருக்கும். பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1-ஆம் தேதிக்குள் பதில் சொன்னால் போதும். நான்கு ஆண்டுத் தொகையும் அது தொடர்வதற்கான நிபந்தனைகளும் எழுத்தில் கைக்கு வரும்வரை எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.